எஸ்எஸ்டி தேர்வு செய்வது எப்படி: ஸ்லாட்டில் தொடங்கி வேக எண்ணில் முடிக்கும் முழு வழிகாட்டி

ஃபிளாஷ் நினைவகச் சிப்களில் தகவலைச் சேமிக்கும் எஸ்எஸ்டிகளில் எதை வாங்கலாம் என்று யாராவது கேட்டால், உங்கள் கணினியின் மாடல் எண் என்ன என்றுதான் நான் முதலில் திருப்பிக் கேட்பேன். கேட்டவர் அதற்குள் இரண்டு மூன்று எஸ்எஸ்டிகளைப் பார்த்துவிட்டு, பெட்டியில் போட்டிருக்கும் 7000, 14000 போன்ற வேக எண்களை (நொடிக்கு இத்தனை எம்பி) ஒப்பிட்டு, பெரிய எண்ணில் மனம் வைத்திருப்பார். அந்த எண்ணைக் கடைசியாகப் பார்த்தால் போதும். கணினி எதை ஏற்கும், எவ்வளவு இடம் வேண்டும், தகவலைத் தாங்கும் செல் என்ன வகை, எஸ்எஸ்டியை இயக்கும் சிப்பான கன்ட்ரோலருக்குத் தனி நினைவகம் உண்டா என்பதெல்லாம் அதற்கு முன்னால் தெரிய வேண்டும்.

ஹார்ட் டிஸ்கிலிருந்து முதல் முறையாக மாறுபவர் ஒன்றைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் ஒரு ஹார்ட் டிஸ்கில், தேவையான தகவல் ஊசிக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக 4 மில்லி நொடிக்கு மேல் ஆகும். ஊசி சரியான தடத்துக்கு நகரும் நேரத்தையும் சேர்த்தால், சிதறிக் கிடக்கும் ஒவ்வொரு துண்டையும் எடுக்க 10 மில்லி நொடிக்கு மேல் போய்விடும். எஸ்எஸ்டியில் சுழல்வது எதுவும் இல்லாததால் அதே வேலை ஏறக்குறைய 0.1 மில்லி நொடியில் முடிகிறது. விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகள் படிக்கப்படுகின்றன. நூறு மடங்கு வித்தியாசம் அங்கேதான் கண்ணுக்குத் தெரிகிறது. ஓரளவு நல்ல எந்த எஸ்எஸ்டியும் இந்தப் பாய்ச்சலைத் தந்துவிடும். அதற்கு மேல் வரும் ஒவ்வொரு முன்னேற்றமும் இதைவிட மிகச் சிறியது.

படி 1: கணினி எதை ஏற்கும் என்று பாருங்கள்

அதிகம் பேர் தவறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். தனிப்பட்ட கணினிகளில் பெரும்பாலும் இரண்டு வடிவங்களில்தான் எஸ்எஸ்டி வருகிறது. ஒன்று, லேப்டாப் ஹார்ட் டிஸ்க் போலவே இருக்கும் 2.5 அங்குலப் பெட்டி. அதை ஹார்ட் டிஸ்குகளை இணைக்கும் அதே சாட்டா கேபிளில் இணைக்க வேண்டும். இன்னொன்று, சூயிங்கம் பட்டை போல மெல்லிய எம்.2 பலகை. அது நேராக மதர்போர்டில் செருகப்படும்.

எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. அந்த வடிவத்துக்குள் சாட்டா எஸ்எஸ்டியும் இருக்கலாம், என்விஎம்இ எஸ்எஸ்டியும் இருக்கலாம். சாட்டாவின் மூன்றாம் தலைமுறை நொடிக்கு 6 ஜிகாபிட் என்ற எல்லையோடு நின்றுவிட்டது. நடைமுறையில் நொடிக்கு 550 எம்பிக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. என்விஎம்இ என்பது எஸ்எஸ்டியோடு பேசும் புதிய முறை; மதர்போர்டின் அதிவேக இணைப்பான பிசிஐஇ பாதையில் ஓடுவது. சாட்டா பயன்படுத்தும் பழைய முறை ஹார்ட் டிஸ்குக்காக எழுதப்பட்டது; அதில் கட்டளைகளுக்கு ஒரே ஒரு வரிசை, அந்த வரிசையில் 32 கட்டளைகள். 2011இல் முதல் பதிப்பு வெளியான என்விஎம்இ, ஃபிளாஷ் நினைவகத்தை மனதில் வைத்து எழுதப்பட்டதால் ஆயிரக்கணக்கான வரிசைகளை ஏற்கிறது.

ஒரு உறவினருக்காக நான் வாங்கிய முதல் எம்.2 எஸ்எஸ்டி என்விஎம்இ வகை. அவருடைய லேப்டாப்பில் இருந்ததோ சாட்டா மட்டும் பேசும் எம்.2 ஸ்லாட். பலகை அழகாக உள்ளே போய் உட்கார்ந்தது, ஸ்க்ரூவும் பொருந்தியது, கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் பயாஸில் மட்டும் எதுவும் தெரியவில்லை. எதுவும் பழுதாகவில்லை என்றாலும் திருப்பி அனுப்பி மாற்றி வாங்க இரண்டு வாரம் ஆனது. அன்றிலிருந்து மதர்போர்டு கையேட்டையோ லேப்டாப்பின் சர்வீஸ் கையேட்டையோ படிக்காமல் நான் எதையும் வாங்குவதில்லை. தயாரிப்பாளரின் இணையதளத்தில் மாடல் எண்ணைப் போட்டால் அந்தக் கையேடு பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கும். அதில் சேமிப்பகம் பற்றிய பக்கத்தில் கீழ்க்கண்டவற்றைத் தேடுங்கள்.

முதலில் நீளம். எம்.2 பலகையில் 2280 என்று போட்டிருந்தால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம் என்று பொருள். மேசைக் கணினிகளிலும் பெரும்பாலான லேப்டாப்களிலும் இதுதான். சிறிய லேப்டாப்களிலும் கையடக்கக் கேம் கணினிகளிலும் 2230 அல்லது 2242 இருக்கும். நீள ஸ்லாட்டில் குட்டைப் பலகையைப் பொருத்தலாம், ஸ்க்ரூ போடும் இடம் இருந்தால். குட்டை ஸ்லாட்டில் நீளப் பலகை நுழையாது.

அடுத்து தடிமன். சில எஸ்எஸ்டிகளில் சிப்கள் இரு பக்கமும் இருக்கும், குறிப்பாகப் பெரிய கொள்ளளவில். மிக மெல்லிய சில லேப்டாப்களில் ஒரு பக்கம் மட்டும் சிப் உள்ள பலகைதான் நுழையும்.

பிறகு பிசிஐஇ தலைமுறை. நான்கு பாதைகள் உள்ள 3.0 ஸ்லாட்டில் நடைமுறையில் நொடிக்குச் சுமார் 3500 எம்பி கிடைக்கும். 4.0 என்றால் 7000ஐத் தாண்டும், 5.0 என்றால் 14000ஐயும் தாண்டும். தலைமுறைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும்: 4.0 எஸ்எஸ்டியை 3.0 ஸ்லாட்டில் போட்டால் ஸ்லாட்டின் வேகத்தில் ஓடும், அவ்வளவுதான். பிற்காலத்தில் கணினியை மாற்றும்போது எடுத்துப்போகலாம் என்று நினைத்தால் அதில் தவறில்லை.

மேசைக் கணினி என்றால் பாதைப் பகிர்வையும் பாருங்கள். சில மதர்போர்டுகளில் ஒரு குறிப்பிட்ட எம்.2 ஸ்லாட்டை நிரப்பினால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்கள் அணைந்துவிடும். வேறு சிலவற்றில் கிராஃபிக்ஸ் கார்டுக்கான 16 பாதைகள் 8ஆகக் குறையும். கையேட்டில் இது சின்ன எழுத்தில்தான் இருக்கும். புது எஸ்எஸ்டியைப் போட்டதும் பழைய ஹார்ட் டிஸ்க் காணாமல் போனது என்று பதறுபவர்களில் பலருக்குக் காரணம் இதுதான்.

எம்.2 ஸ்லாட்டே இல்லாத பழைய கணினி வைத்திருப்பவர்கள் வருந்த வேண்டியதில்லை. 2.5 அங்குலச் சாட்டா எஸ்எஸ்டி அதற்கு மிகச் சரியான பொருள். பிசிஐஇ ஸ்லாட்டில் செருகும் அடாப்டர் வழியாக என்விஎம்இ போடலாம் என்று சிலர் சொல்வார்கள். மிகப் பழைய போர்டுகளின் பயாஸ் என்விஎம்இயிலிருந்து கணினியைத் தொடங்கவிடாது, அதனால் விண்டோஸை அதில் வைக்க முடியாமல் போகலாம். இன்னொரு பக்கம், சில புது மெல்லிய லேப்டாப்களில் சேமிப்புச் சிப் மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும். அவற்றில் மாற்றவே முடியாது. வெளியே யுஎஸ்பியில் இணைக்கும் எஸ்எஸ்டிதான் வழி.

படி 2: எவ்வளவு இடம்

இப்போது பயன்படுத்தும் இடத்தைப் பாருங்கள், அதை இரட்டிப்பாக்குங்கள். என் கணக்கு அவ்வளவு எளிமையானதுதான். 1 டிபி எஸ்எஸ்டியை இணைத்தால் விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டும். தயாரிப்பாளர் ஆயிரத்தின் அடுக்குகளில் எண்ணுகிறார், விண்டோஸ் 1024இன் அடுக்குகளில் எண்ணுகிறது. ஏமாற்று எதுவும் இல்லை. 500 ஜிபி 465 ஆகத் தெரியும்.

எஸ்எஸ்டியில் கொள்ளளவு வேகத்தையும் தொட்டுப்போகிறது. பெரிய எஸ்எஸ்டியில் அதிகமான ஃபிளாஷ் துண்டுகள் இருக்கும், கன்ட்ரோலர் அவற்றில் ஒரே நேரத்தில் எழுதும். அதனால் ஒரே மாடலின் 250 ஜிபி பதிப்பு 1 டிபி பதிப்பைவிட மெதுவாக எழுதுவது வழக்கம். பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வேகம் பெரிய பதிப்புக்கானதாக இருக்கலாம். நீங்கள் வாங்கும் கொள்ளளவுக்கு உரிய வரியை விவரப் பட்டியலில் தேடிப் படியுங்கள்.

வாங்கியதை முழுக்க நிரப்பவும் கூடாது. ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதுவது சிறிய பக்கங்களாக, அழிப்பது பல பக்கங்கள் சேர்ந்த பெரிய தொகுதிகளாக. ஒரு தொகுதியில் பயன்படும் பக்கங்களும் பயனற்ற பக்கங்களும் கலந்திருந்தால், பயன்படுபவற்றை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டுத்தான் தொகுதியை அழிக்க முடியும். காலி இடம் குறையக் குறைய இந்த இடமாற்று வேலை கூடும். எழுதும் வேகம் விழும், தேய்மானமும் ஏறும். 10 முதல் 20 சதவீதம் காலியாக விட்டுவைப்பது நல்லது.

படி 3: செல் வகை

மேசைக்கு நல்ல மரம் எப்படியோ, எஸ்எஸ்டிக்கு செல் அப்படி. ஒரு செல்லில் எத்தனை பிட்கள் அடைக்கப்படுகின்றன என்பதை வைத்து நான்கு பெயர்கள்: எஸ்எல்சியில் 1, எம்எல்சியில் 2, டிஎல்சியில் 3, கியூஎல்சியில் 4. பிட் ஒன்று கூடினாலும், செல்லுக்குள் பிரித்தறிய வேண்டிய மின்னழுத்த நிலைகள் இரட்டிப்பாகின்றன: 2, 4, 8, 16. பதினாறு நிலைகளைப் பிசகாமல் எழுதுவதற்கு நேரம் அதிகம் பிடிக்கும். செல் சற்றுத் தேய்ந்தாலும் அடுத்தடுத்த நிலைகள் ஒன்றோடொன்று குழம்பும். கியூஎல்சி மெதுவாக எழுதுவதற்கும் சீக்கிரம் தேய்வதற்கும் இதுதான் காரணம். அதன் பலன் குறைந்த விலையில் அதிக இடம்.

இன்று கடையில் கிடைப்பவை பெரும்பாலும் டிஎல்சி அல்லது கியூஎல்சி. இரண்டிலுமே தயாரிப்பாளர்கள் ஓர் உத்தியைக் கையாள்கிறார்கள். காலியாக இருக்கும் செல்களில் ஒரு பகுதியை, செல்லுக்கு ஒரு பிட் மட்டும் எழுதும் வேகமான தற்காலிக இடமாக வைத்துக்கொள்கிறார்கள். நீங்கள் எழுதுவது முதலில் அங்கே போய் விழும், ஓய்வு கிடைக்கும்போது நிரந்தர இடத்துக்கு நகரும். பெட்டியில் இருக்கும் எழுதும் வேகம் இந்தத் தற்காலிக இடத்தின் வேகம். ஒரே மூச்சில் நூற்றுக்கணக்கான ஜிபிகளை எழுதினால் அது நிரம்பிவிடும், அப்போதுதான் செல்லின் உண்மையான வேகம் வெளியே வரும். நல்ல டிஎல்சியில் இந்தச் சரிவு தாங்கக்கூடியது. சில கியூஎல்சி எஸ்எஸ்டிகள் அந்தக் கட்டத்தில் ஹார்ட் டிஸ்கைவிடவும் மெதுவாக, நொடிக்குச் சுமார் 100 எம்பிக்கு இறங்கிவிடும். டிஸ்க் நிறைந்திருக்கும்போது தற்காலிக இடமும் சுருங்கிவிடுவதால் இந்தச் சரிவு இன்னும் சீக்கிரம் வரும்.

அதனால் என் கருத்து இது: விண்டோஸ், லினக்ஸ் என இயங்குதளம் இருக்கும் முதன்மை எஸ்எஸ்டி டிஎல்சியாகவே இருக்கட்டும். கேம்கள், படங்கள், இசை என ஒருமுறை எழுதிப் பலமுறை படிக்கும் இரண்டாவது டிஸ்க்குக்குக் கியூஎல்சி தாராளமாகப் போதும். வீடியோ எடிட்டிங் செய்பவர்கள் எழுதும் வேலைக்குக் கியூஎல்சி பக்கமே போகாதீர்கள்.

விளம்பரத்தில் இருக்கும் இரண்டு சொற்களில் ஏமாறாதீர்கள். 3டி நேண்ட் (நேண்ட் என்பது ஃபிளாஷ் நினைவகத்தின் வகை) என்றால் செல்கள் அடுக்கடுக்காக மேலே கட்டப்பட்டிருக்கின்றன என்று மட்டும் பொருள். டிஎல்சியும் 3டிதான், கியூஎல்சியும் 3டிதான். 3-பிட் எம்எல்சி என்று போட்டிருந்தால் அது டிஎல்சியின் இன்னொரு பெயர். செல் வகையையே சொல்லாமல் விடும் தயாரிப்பாளர்களும் உண்டு. அப்போது எத்தனை டிபி எழுதும் வரை வாரண்டி என்று சொல்லும் டிபிடபிள்யூ என்ற உழைப்பு எண் குறிப்புக் கொடுக்கும்: 1 டிபி எஸ்எஸ்டிக்கு 600 அளவில் இருந்தால் பெரும்பாலும் டிஎல்சி, 200 அளவில் இருந்தால் பெரும்பாலும் கியூஎல்சி.

படி 4: டிராம் உண்டா

எந்தத் தகவல் எந்தச் செல்லில் இருக்கிறது என்று எஸ்எஸ்டி ஒரு வரைபடம் வைத்திருக்கிறது. 1 டிபிக்கு அந்த வரைபடம் ஏறக்குறைய 1 ஜிபி அளவு வரும். அதை வைத்துக்கொள்ள டிராம் என்ற வேகமான நினைவகச் சிப் தனியாக இருந்தால் ஒவ்வொரு தேடலும் உடனே முடியும். டிராம் இல்லாவிட்டால் வரைபடத்தின் பெரும்பகுதியை மெதுவான ஃபிளாஷிலிருந்தே எடுக்க வேண்டும்.

டிராம் இல்லாத என்விஎம்இ எஸ்எஸ்டிகளுக்கு ஒரு மாற்றுவழி உண்டு. எச்எம்பி என்ற வசதி மூலம் கணினியின் ரேமில் சில பத்து எம்பிகளைக் கடன் வாங்கிக்கொள்ளும். அன்றாட வேலைக்கு அது போதும். டிராம் இல்லாத நல்ல என்விஎம்இகளை நான் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். சாட்டாவில் அந்தக் கடன் வசதி கிடையாது. சாட்டா எஸ்எஸ்டி வாங்குபவர்கள் டிராம் உள்ளதாகப் பார்த்து வாங்குவது அதனால்தான் முக்கியம். டிராம் இல்லாத சாட்டாவில் கியூஎல்சியும் சேர்ந்துவிட்டால், சில மாதங்களில் கணினி திக்கித் திணறுவதைப் பார்ப்பீர்கள்.

படி 5: இப்போது வேக எண்ணைப் பாருங்கள்

பெட்டியில் இருப்பது தொடர்ச்சியாகப் படிக்கும் வேகம், அதாவது ஒரே பெரிய கோப்பை அலுங்காமல் படிக்கும்போது வருவது. நம் அன்றாட வேலையோ சிதறிய சின்னக் கோப்புகளைப் படிப்பது. ஒரே நேரத்தில் ஒரே ஒரு 4 கேபி துண்டைப் படிக்கும் சோதனையில், ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 1 எம்பியைத் தொடவே தடுமாறும். சாட்டா எஸ்எஸ்டி 30 முதல் 40 எம்பி, என்விஎம்இ பெரும்பாலும் 60 முதல் 90 எம்பி கொடுக்கும். ஹார்ட் டிஸ்கிலிருந்து சாட்டாவுக்குப் போனால் முப்பது மடங்கு. சாட்டாவிலிருந்து என்விஎம்இக்குப் போனால் இரண்டு மடங்கு. 4.0க்கும் 5.0க்கும் இடையே இந்தச் சோதனையில் வரும் வித்தியாசம் இன்னும் சிறியது.

உலாவி, அலுவலக வேலை, படிப்பு, சாதாரண கேம் இவற்றுக்கு 3.0 போதும், 4.0 தாராளம். பெரிய வீடியோ கோப்புகளை ஒரு என்விஎம்இயிலிருந்து இன்னொன்றுக்கு நாள்தோறும் நகர்த்துபவருக்கு 5.0 நேரம் மிச்சப்படுத்தும். மற்றவர்கள் அந்தப் பணத்தில் கொள்ளளவைக் கூட்டிக்கொள்ளலாம்.

படி 6: உழைப்பும் வாரண்டியும்

எஸ்எஸ்டி எழுத எழுதத் தேய்ந்துவிடுமாமே என்ற பயம் பலருக்கும் உண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 600 டிபிடபிள்யூ என்றால் 600 டிபி எழுதும் வரை வாரண்டி செல்லும் என்று பொருள். நாளைக்கு 30 ஜிபி எழுதினாலும் அதை எட்ட 54 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். 200 டிபிடபிள்யூ உள்ள கியூஎல்சிக்கே 18 ஆண்டுகள். ஐந்து ஆண்டு வாரண்டியா மூன்று ஆண்டு வாரண்டியா என்பதைப் பாருங்கள். ஆண்டுக் கணக்கு, எழுத்துக் கணக்கு இரண்டில் எது முதலில் முடிகிறதோ அதோடு வாரண்டி முடியும். 15 லட்சம் மணி நேரம் என்று போட்டிருக்கும் எம்டிபிஎஃப் (பழுதுகளுக்கு இடைப்பட்ட சராசரி நேரம்) ஆயிரக்கணக்கான டிஸ்குகளுக்கான புள்ளியியல் சராசரி. அதை ஒரு டிஸ்கின் ஆயுளாகப் படித்தால் 171 ஆண்டு வரும், அதில் பொருளே இல்லை.

வீட்டுப் பயன்பாட்டில் செல் தேய்வதற்கு முன் கன்ட்ரோலரோ அதற்குள் ஓடும் ஃபர்ம்வேர் என்ற மென்பொருளோ திடீரென்று நின்றுபோகும் வாய்ப்புதான் அதிகம். ஹார்ட் டிஸ்க் கரகரவென்று சத்தம் போட்டு எச்சரிக்கும். எஸ்எஸ்டி நேற்று வரை ஓடிவிட்டு இன்று காலை எழாமல் போகும்.

படி 7: சூடு

3.0 எஸ்எஸ்டிகளுக்குப் பெரும்பாலும் எதுவும் தேவையில்லை. 4.0க்கு மதர்போர்டோடு வரும் ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) போதும். 5.0க்கு ஹீட்சிங்க் கட்டாயம், இல்லையென்றால் சூடேறியதும் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஹீட்சிங்கைப் பொருத்தும்போது அதன் அடியில் இருக்கும் மென்பட்டையின் பாதுகாப்புப் பிளாஸ்டிக் தாளை உரித்துவிடுங்கள். எஸ்எஸ்டியின் மேல் இருக்கும் ஸ்டிக்கரை மட்டும் உரிக்க வேண்டாம். உரித்தால் வாரண்டி போகலாம்.

படி 8: போலியையும் மாற்றிய சரக்கையும் கண்டுபிடிப்பது

நம்பவே முடியாத மலிவில் 16 டிபி வெளிப்புற எஸ்எஸ்டி என்று எதையாவது பார்த்தால் விலகிவிடுங்கள். அப்படி விற்கப்பட்ட பலவற்றைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே மெமரி கார்டுதான் இருந்தது. கொள்ளளவு பெரிதாகத் தெரியும்படி ஃபர்ம்வேரைத் திருத்தியிருப்பார்கள். உண்மையான இடம் நிரம்பியதும் பழைய கோப்புகளின் மேலேயே எழுதிக்கொண்டு போகும். சந்தேகம் வந்தால் விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 என்ற இலவசக் கருவிகள் முழு இடத்திலும் எழுதித் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். கோப்புகளை நம்பி வைப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

இன்னொன்று மனதை உறுத்துவது: பெயர் பெற்ற மாடல்களிலேயே, பெயரை மாற்றாமல் உள்ளே இருக்கும் கன்ட்ரோலரையோ செல்லையோ தயாரிப்பாளர்கள் பிற்பாடு மாற்றியிருக்கிறார்கள். மூன்று ஆண்டுக்கு முந்தைய விமர்சனத்தைப் படித்து வாங்கினால் வேறு பொருள் வரலாம். அண்மைய விமர்சனங்களையும், தயாரிப்பாளரின் இப்போதைய விவரப் பட்டியலையும் பாருங்கள். புதிது என்று வாங்கியதைப் போட்டதும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசக் கருவியில், அது ஓடிய மணி நேரத்தையும் எழுதிய அளவையும் பார்த்துவிடுங்கள். இரண்டும் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும்.

படி 9: மாற்றும் நாள்

முதலில் பேக்கப். பழைய டிஸ்கை அப்படியே நகலெடுப்பதாக இருந்தால், எது மூலம், எது இலக்கு என்பதை மாடல் எண்ணை வைத்து இருமுறை சரிபாருங்கள். திசை மாறினால் காலி டிஸ்க் உங்கள் கோப்புகளின் மேல் நகலாகிவிடும். பிட்லாக்கர் என்ற விண்டோஸின் டிஸ்க் பூட்டு போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியை முன்பே வேறிடத்தில் எழுதி வையுங்கள். பல ஆண்டு ஓடிய விண்டோஸாக இருந்தால் நகலெடுக்காமல் புதிதாக நிறுவுவதையே நான் விரும்புவேன்.

மின்சாரத்தைத் துண்டியுங்கள், லேப்டாப்பில் பேட்டரி இணைப்பையும் கழற்றுங்கள். எம்.2 பலகையைச் சுமார் 30 டிகிரி சாய்வில் செருகி, மெதுவாகக் கீழே அழுத்தி, ஸ்க்ரூவை முடுக்குங்கள். இறுக்கிப் பிழிய வேண்டாம். விண்டோஸ் நிறுவும்போது டிஸ்கே தெரியவில்லை என்றால் பதற வேண்டாம். சில இன்டெல் கணினிகளில் விஎம்டி என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருக்கும், அதற்கான டிரைவரை நிறுவலின்போது கொடுத்தால் தெரிந்துவிடும். விண்டோஸ் ஏற்கனவே ஓடும் கணினியில் இரண்டாவது டிஸ்காகப் போட்டால், டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் இனிஷியலைஸ் செய்து, பார்ட்டிஷன் உருவாக்கி ஃபார்மேட் செய்யும் வரை அது திஸ் பிசியில் (பழைய விண்டோஸில் மை கம்ப்யூட்டர்) வராது.

ஓடத் தொடங்கியதும் தயாரிப்பாளரின் கருவியில் ஃபர்ம்வேர் புதுப்பிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். டிரிம் என்ற வசதி இயங்க வேண்டும். விண்டோஸ் 7 முதல் அது உள்ளேயே இருக்கிறது, பெரும்பாலான லினக்ஸ்களில் வாரம் ஒருமுறை தானாக ஓடும். அழித்த கோப்பின் இடம் காலி என்று டிஸ்குக்குச் சொல்வதுதான் டிரிமின் வேலை. இதனால் ஒரு விளைவும் உண்டு: தவறி அழித்த கோப்பை ஹார்ட் டிஸ்கில் மீட்பது போல எஸ்எஸ்டியில் பெரும்பாலும் மீட்க முடியாது.

கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் ஒரு யுஎஸ்பி உறையில் போட்டுப் பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் அலமாரியில் வைக்க அதுதான் பொருத்தம். தன் எழுத்து ஆயுளை முடித்துவிட்ட எஸ்எஸ்டி, 30 டிகிரி செல்சியஸில் மின்சாரம் இல்லாமல் ஓராண்டு தகவலைக் காத்தால் போதும் என்பதுதான் தனிப்பட்ட கணினி எஸ்எஸ்டிகளுக்கு, சிப்களுக்கான தரநிலை அமைப்பான ஜெடெக் வகுத்த தரநிலை.